வீட்டில் எந்த மொழி பேசுவது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸ் நகரப் பள்ளிகளில் பேச்சு-மொழி சிகிச்சையாளராகப் பணிபுரியும் எனக்குச் சோமாலியப் பெற்றோரிடமிருந்து மிக அதிகமாக வரும் கேள்வி ஒன்றுதான்: குழந்தையிடம் வீட்டில் எந்த மொழியில் பேசுவது? கேட்பவர்களில் பலருக்கு யாரோ ஏற்கெனவே ஒரு விடையைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மூன்று வயதாகியும் பேச்சு சரியாக வராத குழந்தையை இரண்டு மொழிகள் குழப்பிவிடும், ஆகவே ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஏதோ ஒரு மருத்துவமனையிலோ மழலையர் பள்ளியிலோ கிடைத்த அறிவுரை அது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்பது எங்கள் துறையில் நிலைபெற்ற முடிவு. ஆனாலும் அந்த அறிவுரை இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. அதை நம்பும் தாய், தனக்கு அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் பிள்ளையிடம் பேசத் தொடங்குகிறார். நாளடைவில் வீட்டுப் பேச்சு முழுவதும் "வா", "சாப்பிடு", "தொடாதே" என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கதை சொல்வதும், காரணம் விளக்கிக் கண்டிப்பதும், ஊரில் நடந்ததை நினைத்துப் பேசுவதும் அவருக்கு ஆங்கிலத்தில் கைவராதவை என்பதால் அவை நின்றே போகின்றன. பேச்சு வளர வேண்டிய குழந்தைக்கு வீட்டில் கேட்கக் கிடைக்கும் பேச்சே குறைந்துவிடுகிறது.

இங்கே வாழும் சோமாலியக் குடும்பங்களின் மொழி நிலைமையைப் புரிந்துகொள்ள மூன்று தலைமுறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வமான எழுத்துமுறை 1972இல்தான் வந்தது. லத்தீன் எழுத்துகளை ஏற்ற சோமாலிய அரசு, 1974இல் பள்ளி மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பி, கால்நடை மேய்க்கும் மக்களுக்குப் படிக்கவும் எழுதவும் கற்பிக்கும் பேரியக்கம் ஒன்றை நடத்தியது. இன்றைய பாட்டிகளில் சிலர் அன்று அவ்வாறு சென்ற மாணவியர். 1991இல் சோமாலியாவை ஆண்ட சியாத் பர்ரேயின் ஆட்சி வீழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபோது பள்ளிகளும் சிதைந்தன. இன்றைய தாய் தந்தையரில் பலர் கென்யாவின் ததாப் போன்ற அகதி முகாம்களில் வளர்ந்தவர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வகுப்புகள் ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் நடந்தன. சோமாலியைச் சரளமாகப் பேசும் இவர்களில் பலருக்கு அதை எழுதவும் படிக்கவும் பயிற்சி இல்லை. பள்ளி அலுவலகம் அக்கறையோடு சோமாலியில் மொழிபெயர்த்து அனுப்பும் சுற்றறிக்கை வாசிக்கப்படாமல் கிடப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதே செய்தியைக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றே பதில் வந்துவிடுகிறது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பேசப்படும்போதெல்லாம் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்வதை என் பணியின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

எங்கள் நகரின் சீடர்-ரிவர்சைடு பகுதியிலுள்ள உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மதிப்பீட்டிற்காக ஒரு சிறுவன் அழைத்து வரப்பட்டான். அவனுடைய தாய் வீட்டுப் பராமரிப்புப் பணியில் இரவு முறை வேலை செய்பவர். தந்தை நெடுந்தூர லாரி ஓட்டுநர். ஆகவே உடன் வந்தவர் பாட்டி. பதின்ம வயதில் பாலைப்புறத்திற்குச் சென்று, தன்னைவிட மூத்தவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் அவர் என்பதை மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த என் சக பணியாளர் கேட்டறிந்து சொன்னார். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே என்ற அறிவுரைக்குப் பிறகு அந்த வீட்டில் மிகவும் மௌனமாகிப் போனவர் அவர்தான். பேரனிடம் பேசக் கூடாது என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் தான் பேசினால் பிள்ளைக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

எங்கள் வழக்கமான சோதனையில், படங்களைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டபோது சிறுவன் பெரும்பாலும் பேசாமல் இருந்தான். விடை தெரிந்த பெரியவர் அதே விடையைக் குழந்தையிடம் கேட்டுச் சோதிப்பது பல சோமாலிய வீடுகளில் வழக்கமில்லை. அந்தக் கேள்விக்குத் தாங்கள் எதற்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பது குழந்தைகளுக்கு விளங்குவதில்லை. எனவே படங்களை எடுத்து வைத்துவிட்டு, பாட்டியிடம் ஒரு கதை சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். சற்றுத் தயங்கிய பின் அவர் டெக்டேரின் கதையைத் தொடங்கினார். நீண்ட காது கொண்டவளும் மனிதரைத் தின்பவளுமான டெக்டேர், எவ்வளவு தொலைவில் காலடி ஓசை எழுந்தாலும் கேட்டுவிடுவாள். சோமாலியக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாக அச்சுறுத்தி வந்த கதை இது. கதை வேகம் பிடித்ததும் சிறுவன் பாட்டியின் மடியை நோக்கி நகர்ந்தான். அடுத்து என்ன நடக்கும் என்று முந்திக்கொண்டு சொன்னான். பாட்டி ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட்டபோது, பாதி சோமாலியிலும் பாதி ஆங்கிலத்திலுமாக அதை நினைவூட்டினான். நிகழ்ச்சிகளின் வரிசையும் காரண காரியத் தொடர்பும் அவனுக்குத் தெளிவாக விளங்கியிருந்தன. சில ஒலிகளில் அவனுக்குப் பயிற்சி தேவைப்பட்டது உண்மை. மொழித்திறன் குறைபாடு என்று எழுதுவதற்கு அடிப்படை ஏதும் இல்லை. அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் குழந்தையை அதன் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்று கூறுவதன் பொருள் அந்த அறையில் எனக்கு முழுமையாக விளங்கியது.

இந்த நகரத்தில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு கனமும் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மினியாபொலிஸில் 7 முதல் 9 வயது வரையுள்ள சோமாலியக் குழந்தைகளில் 32 பேரில் ஒருவருக்கு, பேச்சுத் தாமதத்தோடும் தொடர்புடைய வளர்ச்சிக் குறைபாடான ஆட்டிசம் கண்டறியப்பட்டதாக மதிப்பிட்டது. வெள்ளையினக் குழந்தைகளிலும் அந்த அளவு ஏறத்தாழ அதுவே, 36 பேரில் ஒருவர். ஆனால் சோமாலியச் சமூகத்தில் அச்சம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. பேசத் தாமதிக்கும் பிள்ளையைக் கண்டு நடுங்கும் தாயிடம், உன் மொழியை விட்டுவிடு என்றால் அவர் உடனே விட்டுவிடுவார். பிள்ளையின் நலனுக்காக எதையும் விடத் துணிந்தவர்கள் இவர்கள்.

பண்பாட்டு விழுமியங்களின் கதையும் மொழியின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. பெரியவர் கண்டிக்கும்போது அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்காமல் பார்வையைத் தாழ்த்துவது பல வீடுகளில் கற்பிக்கப்படும் மரியாதை. அதே பிள்ளையின் பள்ளிக் கோப்பில் "கண்ணோடு கண் பார்ப்பதில்லை" என்பது குறையாகப் பதிவாகி, அதைத் திருத்துவதே சிகிச்சையின் இலக்காகவும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். எல்லா மரபையும் அப்படியே கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் எண்ணுவதும் இல்லை. தந்தை, பாட்டன், பூட்டன் என்று முன்னோர் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் அப்திர்சி ஒரு காலத்தில் குழந்தைகள் கட்டாயம் கற்க வேண்டிய பாடமாக இருந்தது. குலப் பகையால் நாடு எரிந்ததை நேரில் கண்ட தந்தை ஒருவர், தன் மகனுக்கு நான்கு தலைமுறைப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டதாகவும், அதற்கு மேல் போனால் குலத்தின் பெயர் வந்துவிடும் என்றும் என்னிடம் சொன்னார். எதை ஒப்படைப்பது, எதைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது என்று அவர் ஆழ்ந்து தேர்ந்தெடுத்திருந்த விதம் எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்கியது.

வார இறுதியில் பிள்ளைகள் துக்சி எனப்படும் குர்ஆன் பள்ளிக்குச் செல்கிறார்கள். அங்கே ஓதப்படுவது அரபு. வார நாட்களில் ஆங்கிலம். சோமாலிக்கென்று எஞ்சுவது சமையலறையும் உணவு மேசையும்தான், அங்கும் மூத்த பிள்ளைகள் இளையவர்களிடம் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். இதைத் தாய் ஒருவர் தனித்து நின்று மாற்ற முடியாது. இரவு வேலை முடித்து வருபவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மூத்தவர்களிடம் பேசும்போது 2014ஆம் ஆண்டின் மினசோட்டாச் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்: ஆங்கிலத்தோடு வேறொரு மொழியிலும் தேர்ச்சி காட்டும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருமொழி முத்திரை வழங்க அது வழிசெய்கிறது. வீட்டு மொழிக்குப் பள்ளியில் மதிப்பு உண்டு என்று கேள்விப்படும் பதினாறு வயதுப் பிள்ளையின் அக்கறை கூடுவதைக் காண்கிறேன்.

அந்தச் சிறுவனின் அறிக்கையில், வீட்டில் சோமாலியிலேயே பேச வேண்டும் என்பதைப் பரிந்துரைகளின் முதல் வரியாக எழுதினேன். ஒலிப் பயிற்சிகளை வீட்டில் செய்விக்கும் பொறுப்பையும் பாட்டியிடமே கொடுத்தோம். அவனுடைய தாய் அறிக்கையைப் பெற்றுக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் தனிக் கடிதமாக, பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று கேட்டார். இளைய மகளை அடுத்த மாதம் மழலையர் பள்ளியில் சேர்க்கப் போவதாகவும், அங்கே யாராவது மீண்டும் அதே அறிவுரையைச் சொன்னால் அவர்களிடம் காட்ட வேண்டும் என்றும் விளக்கினார். அன்று மாலைக்குள் இரண்டு படிகள் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று அவருடைய தங்கைக்காம்.