புலியின் தட்டுக்குப் பத்து கல் தூரம்

கடித்த அன்று புலி உறுமவே இல்லை. அதுதான் முக்கியமான விஷயம் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

புலி எங்கள் வீட்டு நாய். உடம்பெல்லாம் வரி வரியாக இருப்பதால் என் மகன் வைத்த பெயர். பினாங்கில், ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் ஏழெட்டு மாதக் குட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அடைமழையில் எங்கள் வீட்டு போர்ச்சில் வந்து ஒதுங்கியவன் அப்புறம் போகவே இல்லை. அப்போது விலா எலும்பை எண்ணிவிடலாம். தடுப்பூசி போட்டோம், பூச்சி மருந்து கொடுத்தோம், உரிமம் எடுத்தோம். மகனோடு ஓடி விளையாடுவான், அம்மாவின் காலடியில் படுத்துக்கொள்வான். தட்டில் சாப்பாடு விழுந்துவிட்டால் மட்டும் வேறு நாயாகிவிடுவான்.

ஆரம்பத்தில் அவசர அவசரமாக விழுங்கினான். தெருவில் பசியோடு கிடந்த நாய், அப்படித்தான் சாப்பிடும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில், யாராவது பக்கத்தில் போனால் வாய் நின்றுவிடும். தலை தட்டின் மேல் கவிழ்ந்தபடி, உடம்பு கட்டைபோல் விறைத்து நிற்கும். கண் மட்டும் ஓரமாகத் திரும்பி, வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். இவையெல்லாம் எச்சரிக்கை என்று எனக்கு அப்போது தெரியாது. உறுமல் கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

கணவரின் நண்பர் ஒருவர், "சோறு போடுற ஆளையே உறுமுறானா? யாரு பெரியவங்கன்னு காட்டணும்" என்றார். நாங்களும் நம்பினோம். அவன் சாப்பிடும்போது தட்டை இழுத்து எடுப்பேன். உட்காரச் சொல்லி, காக்க வைத்து, திரும்பக் கொடுப்பேன். உறுமினால் சுருட்டிய நாளிதழால் மூக்கில் ஒரு தட்டு. இரண்டு வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. சரியாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி, அவன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தேன். சத்தமே இல்லாமல் கடித்துவிட்டான். இடது கையில், கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கியிருந்தது.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அப்புறம் கிளினிக். டெட்டனஸ் ஊசி போட்டார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, தெருவில் திரியுமா, நடத்தையில் மாற்றம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. அந்த ஆண்டு இங்கே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றதை எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வரும்போது என் பயமெல்லாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்பதுதான்.

"வீட்ல சின்னப் பிள்ளை இருக்கும்மா. எஸ்.பி.சி.ஏ.வுல விட்டுடலாம்" என்றார் அம்மா. கைவிடப்பட்ட விலங்குகளுக்கான காப்பகம் அது. அவர் பயந்ததில் தப்பே இல்லை. மகனுக்கு அப்போது ஆறு வயது. கடிபட்டது என் கையாக இருந்ததால் இரண்டு பல்லோடு போயிற்று. ஒரு மாதம் டைம் கொடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் போனோம். பல், காது, வயிறு எல்லாம் பார்த்தார். பல்வலி, வயிற்றுக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்தால் இந்தக் குணம் இன்னும் மோசமாகுமாம். மலப் பரிசோதனையில் மறுபடியும் பூச்சி இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார். அப்புறம், "உறுமுனப்போ நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் புலியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "உறுமினா அடி விழும்னு கத்துக்கிட்டான். தட்டு போயிடும்கிற பயம் அப்படியேதான் இருக்கு. நீங்க தினமும் தட்ட எடுத்து எடுத்து அந்தப் பயத்த உறுதிப்படுத்திட்டீங்க. இப்ப அவன்கிட்ட மிச்சம் இருந்தது கடி மட்டும்தான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கெடாவில் தோட்டத்தில் இருந்தபோது எங்கள் பாட்டி, சாப்பிடுகிற நாய்ப் பக்கம் எங்களை அண்டவே விடமாட்டார். "அது சாப்பிட்டு முடிக்கட்டும், நீ இங்க வா" என்று கையைப் பிடித்து இழுப்பார். அதைக்கூட மறந்துவிட்டு யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த மருத்துவர் சொல்லி ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார். சீனப் பெண்மணி. மலாயும் ஆங்கிலமும் கலந்து, நிதானமாகப் பேசுவார். நாயிடம் தலைவன் யார் என்று காட்ட வேண்டும் என்கிற எண்ணம், கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து வந்தது என்றார். அந்த எண்ணத்தைப் பரப்பியதில் பங்குள்ள டேவிட் மெச் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அம்மா, அப்பா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதிவிட்டாராம்.

முதல் பத்து நாள் பயிற்சியே கிடையாது. பின்கட்டில் தட்டை வைத்து, புலியை உள்ளே விட்டு, கிரில் கதவைப் பூட்டிவிடுவோம். முடிக்கும் வரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. முடித்த பிறகு அவனை ஹாலுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் தட்டை எடுப்பேன். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் எல்லா வாசலிலும் கிரில் இருப்பது இதற்கு எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. பத்தாம் நாளுக்குள் அவன் விழுங்கும் வேகமே குறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் கல் கணக்கு. எங்கள் தரையில் பதித்திருக்கும் டைல்ஸ் கல் ஒவ்வொன்றும் ஓர் அடி. தட்டிலிருந்து எண்ணுவோம். எட்டாவது கல்லில் நான் நின்றால் அவன் வாய் நின்றுவிடும். பத்தாவது கல்லில் நின்றால் வால் தளர்வாக ஆடும், சாப்பாடு தொடரும். ஆகவே பத்தில் ஆரம்பித்தோம். தட்டில் பாக்கெட் தீனி. என் கையில் உப்புப் போடாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, நகத்தளவு துண்டுகளாக. பத்தாவது கல்வரை நடந்து போவேன், ஒரு துண்டைத் தட்டுப் பக்கமாக வீசுவேன், திரும்பி வந்துவிடுவேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் எட்டு பத்துத் தடவை. பேச்சு கிடையாது, அவன் கண்ணைப் பார்க்கவும் கூடாது.

முதல் மூன்று நாள் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்காம் நாள் என் காலடிச் சத்தம் கேட்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். கோழி வருகிறது என்று பார்த்தான்! என் வருகையால் தட்டில் ஒன்று கூடும், குறையாது என்று அவன் நினைக்க ஆரம்பித்ததன் அடையாளம் அந்தப் பார்வை. அதைப் பார்த்தால்தான் அடுத்த கல். பார்க்காவிட்டால் அதே கல்லில் இன்னொரு நாள். உடம்பு விறைத்தால் இரண்டு கல் பின்னால்.

ஐந்தாவது கல்லில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டோம். ஏன் என்று யோசித்துப் பார்த்தால், நான் நேருக்கு நேராக நடந்து போய்க்கொண்டிருந்தேன். சுவரை ஒட்டி வளைந்து, பக்கவாட்டில் போனதும் சரியாயிற்று. இப்படி நின்று, நகர்ந்து, தட்டுப் பக்கத்தில் நிற்க ஒன்பது வாரம். அப்புறம் குனிவது, கையை நீட்டித் தட்டுக்குள்ளேயே துண்டைப் போடுவது, தட்டின் விளிம்பைத் தொடுவது என ஒவ்வொன்றும் தனித்தனிப் படி. தட்டைக் கையில் எடுத்து, கோழியைப் போட்டு, உடனே திரும்ப வைத்த நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அதையும் இப்போது எப்போதாவதுதான் செய்கிறேன். சாப்பிடும் தட்டைச் சும்மா சும்மா எடுக்கக் கூடாது, யாருக்காக இருந்தாலும்.

இன்னொரு பழக்கமும் கூடவே நடந்தது. அவன் வாயில் செருப்போ காகிதமோ இருந்தால் பிடுங்குவதை நிறுத்திவிட்டோம். "விடு" என்று சொல்லி மூக்குப் பக்கம் கோழித் துண்டை நீட்டுவோம். அவன் விட்டதும் துண்டு அவனுக்கு. ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் அதையும் திரும்பக் கொடுத்துவிடுவோம். சீக்கிரமே அவனாகவே பொருளைக் கொண்டுவந்து காலடியில் போட ஆரம்பித்தான்.

அம்மா என்னைப்போலப் பத்தாவது கல்லிலிருந்து தொடங்கினார். ஒருவரிடம் பழகியது இன்னொருவருக்குத் தானாக வந்துவிடாது. மகனை இதில் சேர்க்கவே இல்லை. கிரிலுக்கு வெளியே நின்று, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் துண்டு வீசுவான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அதுவும் ஒருமுறை கடித்துவிட்ட நாயோடு, தெரிந்த ஆள் துணையில்லாமல் இதைத் தொடங்காதீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

தீபாவளி அன்று சறுக்கினோம். திறந்த இல்ல உபசரிப்பு, வீடு நிறைய ஆட்கள். புலியை அறையில் வைத்திருந்தேன். யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள், யாருடைய தட்டிலிருந்தோ ஆட்டெலும்பு ஒன்று நாற்காலிக்கு அடியில் விழுந்துவிட்டது. என் அக்கா மகள், மூன்று வயசு, அதே நாற்காலியை நோக்கிப் போகிறாள். புலி உறுமினான். அடிவயிற்றிலிருந்து, நீளமாக. அக்கா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். எனக்குக் கை நடுங்கியது, ஆனால் மனதுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம் அது. உறுமினான், அதனால்தான் எல்லோருக்கும் விலக நேரம் கிடைத்தது. நான் அவனைத் திட்டவில்லை. கோழித் துண்டுகளைத் தூரமாகப் போட்டு, அவனை அறைக்குள் வரவைத்துக் கதவைச் சாத்தினேன். எலும்பைக் குப்பையில் போட்டேன். வேகவைத்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், அதனால் எப்படியும் அவனுக்கு ஆகாது.

இப்போதெல்லாம் விருந்தாளி வந்தால் அறைக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் பின்கட்டுக் கிரிலும் பூட்டித்தான் இருக்கும். அம்மாவிடம் நான் கேட்ட ஒரு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. அதைப்பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை. காலையில் அவன் சாப்பிடும்போது பக்கத்தில் போய், "இந்தாடா சாமி" என்று ஒரு துண்டு போட்டுவிட்டுத்தான் சாமி விளக்கு ஏற்றுகிறார்.

கணவர்தான் பாக்கி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, புலியின் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருப்பதே அபூர்வம். போன மாதம் பத்தாவது கல்லிலிருந்து ஆரம்பித்தார். நேற்று ஆறாவது கல்லில் நின்றபோது புலி தலையைத் தூக்கி வாலாட்டினான்.