கிக்கில் 0.1 மி.மீ., முனையில் 0.8 மி.மீ.: தேய்ந்த பேனாக்கத்தியும் வீட்டுப் பொருள் பட்டியலும்

தேய்ந்த பேனாக்கத்தியின் முனை ஒருவழியாக உள்ளே அடங்கிவிட்டது. மூடிய நிலையில் லைனருக்கு (கைப்பிடியின் உட்புற உலோகத் தகட்டுக்கு) மேலே 0.7 மி.மீ. துருத்திக்கொண்டு நின்றது, இப்போது 0.1 மி.மீ. கீழே இருக்கிறது. விரலை ஓட்டினால் தட்டுப்படவில்லை, பைத்துணியில் சிக்கவில்லை. இதற்காக எடுத்த எஃகு கிக்கில், அதாவது அலகின் அடியில் இருக்கும் சின்ன மேட்டில், வெறும் 0.1 மி.மீ. அலகின் வெட்டும் பகுதியிலிருந்து துளிகூடக் குறையவில்லை. இந்த வேலையில் பெருமைப்பட வேண்டியது அதுதான்.

கத்தி ஒற்றை அலகு ஸ்லிப்ஜாயிண்ட் (பூட்டு இல்லாமல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் மடக்குக்கத்தி), கார்பன் ஸ்டீல், கிளிப் முனை. பல காலம் தீட்டித் தீட்டி வயிறு உள்வாங்கியிருக்கிறது. இப்படித் தேய்ந்த கத்திகளில் முனை ஏன் மேலே எழுகிறது என்பது பலருக்கும் புதிராகவே இருக்கிறது. கிளிப் முனையில் முதுகு சரிந்து இறங்கும் கடைசிப் புள்ளிதான் முனை. கூர்ப்பக்கம் தேயத் தேய அந்தப் புள்ளி முதுகுச் சரிவில் பின்னோக்கி, அதாவது மேல்நோக்கி நகர்கிறது. உடைந்த முனையைக் கூர்ப்பக்கத்திலிருந்து தேய்த்துச் சரிசெய்தாலும் இதே கதிதான். போதாக்குறைக்கு அங்கே அலகு தடிமனாக இருப்பதால் புதுக் கூர் தடித்துப்போய் வெட்ட மறுக்கும். முனை உடைந்தால் எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்தே தேய்க்க வேண்டும்: முனை தாழ்கிறது, மெல்லிய இடத்திலேயே நிற்கிறது. அதையும் கையால், கல்லில்தான். மின்சாணையில் மெல்லிய முனை கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறிவிடும். நீலநிறம் தெரிந்தால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். டெம்பர் (எஃகுக்குக் கொடுத்த வெப்பப் பதம்) போன எஃகு கூரைத் தாங்காது, அந்த இடத்தை வெட்டி எறிவதுதான் வழி.

இந்தக் கத்தியில் முதுகைத் தொட மனம் வரவில்லை. காரணம், கத்தியின் ஒவ்வொரு அம்சத்தையும் மதிப்பிட வைத்திருக்கும் மதிப்புப் பட்டியல். அலகின் நடுப்பகுதி உயரம் 11.8 மி.மீ., முதலில் 14 இருந்திருக்கும். முதலில் இருந்த உயரத்தைக் கண்டுபிடிக்க அதே மாடலின் புதுக்கத்தி தேவையில்லை. கூர் தொடங்கும் குதிப்பகுதிக்குச் சாணைக்கல் முழுதாக எட்டுவதில்லை, பழைய கோடு அங்கே மிச்சமிருக்கும். அதிலிருந்து நேராகக் கோடு போட்டுப் பார்த்தால் எவ்வளவு எஃகு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். போன எஃகு போனதுதான். கைப்பிடியை மாற்றலாம், ஆணியை மாற்றலாம், ஸ்பிரிங்கைக்கூட மாற்றலாம், அலகை வளர்க்க முடியாது. அதனால்தான் அலகு உயரம் பட்டியலின் முதல் கட்டத்தில் நிற்கிறது.

இனி கிக். மூடும்போது கைப்பிடியின் முதுகிலுள்ள பேக்ஸ்பிரிங்கின் மேல் போய் உட்காரும் சின்ன மேடு அது. கூர் ஸ்பிரிங்கில் மோதாமல் காப்பது அதன் வேலை. அதைக் குறைத்தால் அலகு இன்னும் ஆழமாக உட்காரும், முனை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது வெறும் நெம்புகோல் கணக்கு. இந்தக் கத்தியில் அலகு சுழலும் பிவட் ஆணியின் மையத்திலிருந்து கிக் 9 மி.மீ., முனை 72 மி.மீ. விகிதம் 8. கிக்கில் 0.1 எடுத்தால் முனையில் 0.8 இறங்கும். அலகின் நடுவில், 36 மி.மீ. தூரத்தில், 0.4 இறங்கும். அரத்தை எடுப்பதற்கு முன்பே இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதிவிட வேண்டும். ‘கொஞ்சம் தேய்த்துப் பார்க்கலாம்’ என்று இறங்கினால் 0.2 போய்விடும், முனை ஒன்றரை மி.மீ. மூழ்கும், கூர் ஸ்பிரிங்கில் போய் அடிக்கும். ஏறிய மேட்டைக் குறைக்கலாம், குறைத்த மேட்டை ஏற்ற முடியாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதை. தேய்ந்த கத்தியில் கூர் ஏற்கெனவே உள்வாங்கியிருப்பதால் பெரும்பாலும் இருக்கும். இங்கே 1.1 மி.மீ. இருந்தது. 0.4 போனால் 0.7. ஆனால் இது அலகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ள அளவு. டப்பென்று மூடும்போது கிக் ஸ்பிரிங்கை ஒரு கணம் அழுத்துகிறது, கூர் இன்னும் கொஞ்சம் கீழே போய்த் திரும்புகிறது. அந்த ஒரு கணத்தில்தான் கூர் மழுங்குகிறது. மூடிவைத்து எட்டிப்பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க பிளாஸ்டிசின் (குழந்தைகள் உருட்டி விளையாடும் களிமண்) போதும். மிளகளவு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் வைத்து, ஸ்பிரிங்கின் உட்புறம் அலகின் வயிறு வரும் இடத்தில் ஒட்ட வேண்டும். வழக்கமான வேகத்தில் கத்தியை மூடித் திறந்து, வெட்டுத்தடத்துக்குக் கீழே எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாளே வெட்டுப்பட்டிருந்தால் கூர் மோதுகிறது. 0.3 மி.மீ.க்குக் குறைவாக மிஞ்சினால் அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேலை முடிந்தபின் இங்கே 0.4 மிஞ்சியது.

தேய்க்கும் முறை: கூரின் முழு நீளத்துக்கும் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப். அலகைப் பாதி திறந்து மரத்துண்டால் முட்டுக்கொடுத்தால் கிக்கின் முகம் வெளியே தெரியும், ரிவெட்டைத் தட்டி எடுக்கத் தேவையில்லை. முகம் முழுக்க மார்க்கரால் கறுப்படிக்க வேண்டும். டேங்கும் (பிவட் துளையும் கிக்கும் இருக்கும் அலகின் அடிப்பகுதி) கடினப்படுத்தப்பட்டிருந்தால் சாதாரண அரம் வழுக்கும். 400 கிரிட் வைரத்தூள் அரம் பிடிக்கும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, கறுப்பு எங்கே அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்க ஓரத்தில் மட்டும் அழிந்தால் அரம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த கிக் அலகைப் பக்கவாட்டில் தள்ளும். பிறகு மூடும்போதெல்லாம் அலகு லைனரை உரசும், அதைச் சரிசெய்வது இதைவிடப் பத்து மடங்கு வேலை.

எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கிக்கில் அளக்காதீர்கள். 0.05 மி.மீ. வித்தியாசத்தில் காலிப்பர் தடுமாறும். முனையில் அளந்து பாருங்கள். அங்கே அதே 0.05 என்பது 0.4 ஆகத் தெரியும். தன் நீளத்தால் கத்தியே எட்டு மடங்கு உருப்பெருக்கும் கருவியாகிவிடுகிறது. காலிப்பரின் ஆழம் பார்க்கும் குச்சியை லைனரின் மேல் நிறுத்தி அளந்தால் போதும். இலக்குக்கு 0.1 பாக்கி இருக்கும்போதே அரத்தை வைத்துவிட்டு, தட்டையான பித்தளைப் பட்டையில் ஒட்டிய 600, 1000 உப்புத்தாளால் முடிக்க வேண்டும். கரடுமுரடான கிக் ஸ்பிரிங்கைக் கீறும், அது பழகித் தேயும்போது முனை தானாகவே இன்னும் கொஞ்சம் இறங்கும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. சில கத்திகளில் கிக் குறைந்தால் மூடிய நிலையில் ஸ்பிரிங்கின் முதுகும் லைனரிலிருந்து மயிரிழை உள்வாங்கும். நகத்தை ஓட்டினால் தெரியும். திறந்த நிலை, பாதி நிலை, மூடிய நிலை மூன்றிலும் ஸ்பிரிங் சமமாக நிற்பதைப் பெரிதாக மதிப்பவர்களுக்கு இது உறுத்தும். உலகத்துக்குத் தெரியாத மயிரிழை, ஆனால் கத்திப் பித்துள்ள நம் ஆட்களுக்குத் தெரியும். மற்றொன்று நகக்குழி. அதுவும் அலகோடு சேர்ந்து இறங்குகிறது. லைனருக்குள் பாதி புதைந்துவிட்டால் கத்தியைத் திறப்பதே பாடு. இரண்டு மூன்று அலகுள்ள கத்தியானால் ஒன்றின் உட்காரும் ஆழம் மாறியதும் பக்கத்து அலகில் உரசும், எல்லா அலகையும் மூடிவைத்துச் சோதித்த பிறகுதான் டேப்பைப் பிரிக்க வேண்டும்.

வைர அரம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. மலிவான செட்டுகளில் தூள் நிக்கல் பூச்சில் அரைகுறையாக ஒட்டியிருக்கும், கடின எஃகில் முதல் வேலையிலேயே உதிரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தனித்தனியாக மேலெழுந்து நிற்கும் கற்கள் தெரியும், அவைதான் முதலில் போகும், போகும்போது ஆழமான கீறலும் போடும். வேலைக்கு முன் பழைய உளி முதுகில் தேய்த்துப் பழக்கிவிட்டால் இந்தத் தொல்லை குறையும். கத்தியின் ஆணிகளைச் செய்யும் கம்பி விற்பவர்கள் மேல் இதைவிடக் கோபம். பித்தளைக் கம்பி 2.4 மி.மீ. என்று போட்டிருக்கும், அளந்தால் 2.3. துளையில் ஆடும் ஆணியை எவ்வளவு தட்டினாலும் தலை விரியுமே தவிர நடுவில் பிடிக்காது. அளந்த விட்டத்தைச் சொல்ல முடியாத இடத்தில் வாங்குவதே வீண்.

இவ்வளவு பாடு ஒரு பேனாக்கத்திக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மதிப்புப் பட்டியலை வீட்டுப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் நீட்டியதில் பதில் கிடைத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விதான்: தேய்மானத்தை அளக்க முடியுமா, தேய்ந்ததைக் கைக்கருவியால் சரிசெய்ய முடியுமா, சரிசெய்தபின் அதே வேலையை அதே தரத்தில் செய்யுமா. கைப்பேசி முதல் கேள்வியில் ஓரளவு தேறும், பேட்டரியின் கொள்ளளவைப் பார்க்கலாம். இரண்டாவதில் விழுந்துவிடும். ஒட்டி மூடிய மின்சாதனங்கள் மூன்றிலுமே விழும். பேனாக்கத்தி மூன்றிலும் தேறுகிறது. ஒரு அலகு, ஒரு ஸ்பிரிங், மூன்று நான்கு ஆணி, எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற உறுப்புகள். 1890இல் தொடங்கிய ஒபினெல் மடக்குக்கத்தியில் ஸ்பிரிங்கூட இல்லை. மரப்பிடி, அலகு, பிவட், வளையம் அவ்வளவுதான். அலகைப் பூட்டும் அந்த வளையமே 1955இல்தான் சேர்ந்தது. 1897இல் பதிவான சுவிஸ் அதிகாரிகள் கத்தியோ ஸ்பிரிங்கின் இருபுறமும் கருவிகளை நிறுத்தி, அத்தனையையும் உள்ளங்கைக்குள் அடக்குகிறது.

ஆனால் பட்டியலை நேர்மையாக நிரப்பினால் நமக்குச் சங்கடமான ஒன்றும் வெளிவருகிறது. சமையலறைக் கத்தியும் அதே மூன்று கேள்வியிலும் தேறுகிறது. விக்டோரிநாக்ஸ் மடக்குக்கத்தியின் அலகு ஏறக்குறைய 56 ராக்வெல் (எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவு). பெரும்பாலான ஐரோப்பியச் சமையலறைக் கத்திகளும் அதை ஒட்டித்தான். உலோகமும் கடினமும் கிட்டத்தட்ட ஒன்று, வேலையோ சமையலறைக் கத்திக்குப் பல மடங்கு. அப்படியிருந்தும் ஒன்றுக்கு எண்ணெயும் தனிப்பெட்டியும், மற்றதற்குக் கரண்டிகளோடு உரசும் இழுப்பறை. கத்தரிக்கோலின் நிலை இன்னும் மோசம். அதற்கும் பிவட் உண்டு, இரண்டு கூர் உண்டு, இறுக்கம் உண்டு, அதைத் தீட்டிவைத்திருக்கும் பேனாக்கத்திக்காரர் அரிது. பயன்பாட்டை வைத்து மதிப்பிட்டால் பேனாக்கத்தி மூன்றாம் இடம், அதில் சந்தேகமில்லை. பராமரிப்புக்குத் திருப்பித்தரும் பலனை வைத்தால்தான் முதலிடம். எதை வைத்து மதிப்பிடுகிறோம் என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவைப்பது நல்லது.

சேகரிப்பாளர் மதிப்பு வேறு கணக்கு. அங்கே தீட்டப்படாத அலகு, தெளிவான டேங் முத்திரை, ஆடாத பிவட் இவைதான் பேசும். பழைய கத்தியைப் பளபளவென்று பஃப் அடிப்பது அந்த மதிப்பைக் கொல்லும், முத்திரையின் ஓரம் உருகியதுபோல் மழுங்கிவிடும். சாம்பல்நீலப் பட்டினாவை (காலப்போக்கில் எஃகில் படியும் நிறப்படலத்தை) அப்படியே விடலாம். செந்துருவை மட்டும் மினரல் ஆயில் தொட்ட 0000 ஸ்டீல் உல்லால் எடுத்தால் போதும். சமையல் எண்ணெய் பிவட்டில் பிசினாகும், வேண்டாம்.

செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) பிடியுள்ள பழைய கத்தி இருந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமாக வையுங்கள். அது சிதையத் தொடங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசியும், ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தன் அலகை மட்டுமல்ல, ஒரே பெட்டியில் இருக்கும் நல்ல கத்திகளையும் அரிக்கும். தேய்த்தால் கற்பூர மணம் வருவது செல்லுலாய்டின் அடையாளம். சூடான ஊசியால் சோதிக்க வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். தோலுறையிலும் நீண்ட காலம் வைக்கக் கூடாது, பித்தளை லைனர் பச்சை பூக்கும்.

இந்தக் கத்தியில் பாக்கியிருப்பது பக்கவாட்டு ஆட்டம். அலகைத் திறந்து முனையைப் பிடித்து அசைத்தால் கொஞ்சம் நகர்கிறது. பிவட் ஆணியின் தலையைத் தட்டி விரிக்க வேண்டும். 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டில் பிளவு வெட்டி டேங்குக்கும் லைனருக்கும் நடுவில் செருகிவிட்டு, எஃகுக் கட்டையின் மேல் வைத்து, சிறிய உருண்டைமுனைச் சுத்தியலால் இருபக்கமும் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டுவது திட்டம். தகடு இறுகிப் பிடித்ததும் நிறுத்தி, உருவிவிட்டால் அலகு சுழல அந்த 0.05 இடைவெளி மிஞ்சும். தகடில்லாமல் தட்டினால் ஒரு அடி கூடிப்போய் அலகு அசையாமல் நின்றுவிடும்.

அதற்கு முன்பே கத்தரிக்கோல் மேசைக்கு வந்துவிட்டது. உட்புற முகத்தைத் தொடாமல் வெளிச்சரிவை மட்டும், இருக்கும் கோணத்திலேயே, மார்க்கர் அடித்து 1000 கல்லில் தீட்ட வேண்டும். பர்ரை (தீட்டும்போது கூரின் ஓரத்தில் எழும் மெல்லிய எஃகு மடிப்பை) உட்புறமாக வழிக்காமல், மெல்ல மூடித் திறந்து அலகுகளே ஒன்றையொன்று உரசி எடுக்க விட வேண்டும். பிறகு இறுக்கம்: ஒரு அலகை விரித்துத் தூக்கிவிட்டால் தானாக விழுந்து வழியிலேயே நிற்க வேண்டும். முழுதாக மூடிக்கொண்டால் திருகு தளர்வு. இறங்கவே மறுத்தால் இறுக்கம் அதிகம், திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.