காட்டேரியைவிட அந்தக் கிட்டார்

‘சின்னர்ஸ்’ (2025) என்ற காட்டேரிப் படம் நடப்பது 1932இல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலில். காட்டேரிகளை விடுங்கள், பாட்டுக்காரப் பையன் சாமி கையிலிருக்கும் ரெசனேட்டர் கிட்டாரைப் பாருங்கள். உள்ளே அலுமினியக் கூம்பு. மைக் இல்லாத கூட்டத்திலும் சத்தம் எடுபட அதுதான் வழி. தருமபுரிப் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு முகவீணை என்ற சிறு ஊதுகுழலின் கூர்மை நினைவுக்கு வரும்.

ஸ்லைடு, அதாவது கம்பிமேல் குழாயை வழுக்கவிட்டு, வாசிக்க வழக்கமான சுருதியிலிருந்து 6, 5, 1ஆம் கம்பிகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ஓப்பன் ஜி: விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு வரும். சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாய். அழுத்தினால் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையில்) இடித்துக் கடகடக்கும். ஃப்ரெட்டுக்கு நேர் மேலே நிற்கணும்; சற்றுப் பின்னே போனாலே சுருதி இறங்கும். குழாய்க்குப் பின்னுள்ள விரல்களால் கம்பியை லேசாகத் தொட்டால் இரைச்சல் அடங்கும்.

படத்தில் பலரும் தவறவிடும் இடம்: பருத்தித் தோட்டத்துக் கறுப்பினக் கூலிகள் சாராயத்துக்குக் காசுக்குப் பதில் தோட்ட டோக்கனை நீட்டுவது. தோட்டக் கடையைத் தாண்டினால் அது செல்லாது.