தானாக ஆன் ஆன சிபியுவும் தண்டமாகப் போன 2,200 ரூபாயும்

ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுப்பேன். காலையில் எழுந்து வந்தால் ஹாலில் மானிட்டர் பளிச்சென்று பாஸ்வேர்டு கேட்டபடி நிற்கும். "உன் டப்பா மறுபடியும் முழிச்சிக்கிச்சுடா" என்று அம்மா சொல்லாத வாரம் கிடையாது. இரண்டு மாதம் இந்தக் கூத்து.

நெட்டில் கிடைத்த வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. மவுஸ், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு மூன்றுக்கும் கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதியை எடுத்தேன். குறித்த நேரத்தில் எழுப்பும் வேக் டைமர், சீக்கிரம் பூட் ஆக வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இரண்டையும் அணைத்தேன். கடைசியாக எழுப்பியது யார் என்று கமாண்ட் பிராம்ப்டில் கேட்டால், வேக் ஹிஸ்டரி, அதாவது எழுந்த பட்டியல், பூஜ்யம் என்றது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் அந்தப் பட்டியலில் தடயம் கிடைக்கும். என்னுடையது முழுதாக அணைந்து, பிறகு தானே பூட் ஆகிறது. அது வேறு வியாதி.

உறைக்காததால் கடைக்குத் தூக்கிப் போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "எங்ககிட்ட ஒரு தடவைகூட ஆன் ஆகலையே சார்" என்றார்கள். ஆனாலும் எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வீக் என்று சொல்லி புதிது போட்டு 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்காமல் வந்தது என் மடத்தனம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மறுபடி முழித்துக்கொண்டது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது கொசுதான். ஒரு ராத்திரி கரண்ட் போய், புழுக்கத்தில் கொசு அடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்த அதே நொடி, ஹாலில் சிபியு உறுமியது.

அப்போதே ஷட் டவுன் செய்து, ஜங்ஷன் பாக்ஸ் சுவிட்சை அணைத்து, மதர்போர்டு விளக்கு அணையும்வரை காத்திருந்து மறுபடி போட்டேன். பட்டனைத் தொடவே இல்லை, ஆன் ஆகிவிட்டது! அரை நிமிட வேலை. இதை முதல் நாளே செய்து பாருங்கள்.

பயாஸில் (பூட் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங் பக்கம்) 'ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்' என்ற இடத்தில் 'பவர் ஆன்' என்று இருந்தது. கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகு என்று அர்த்தம். சில போர்டுகளில் 'ஏசி பேக்' என்று இருக்கும். 'பவர் ஆஃப்' என்று மாற்றி, எஃப்10 அழுத்தி சேமித்தேன். முடிந்தது.

இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன்? ஷட் டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அது அறுந்து திரும்பினால்தான் போர்டு இந்த செட்டிங்கைப் பார்க்கும். இதுவரை யுபிஎஸ் அதை அறுபட விடவில்லை. இரண்டு மாதம் முன்னால் பேட்டரி செத்துப்போக, யுபிஎஸ்ஸைப் பரணில் போட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகியவன் நான்தான். கடையில் ஏன் ஆன் ஆகவில்லை என்பதும் இப்போது புரிகிறது. அங்கே இன்வெர்ட்டர் இருக்கிறது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நேற்று மாட்டிப் பார்த்தேன். ஜோராக ஓடுகிறது.