பெருந்துறை யூனிட்டுக்கு ஒரு போர்ட் திறந்து வாங்கும் வழி

கோவை தலைமை அலுவலக சர்வரிலிருந்து பெருந்துறை சிப்காட்டில் இருக்கும் பேக்கிங் யூனிட்டின் லேபிள் பிரின்டருக்கு 9100 போர்ட், அதாவது பிரின்ட் போய்ச் சேரும் நெட்வொர்க் வாசல், திறக்க வேண்டும். எந்த ட்ராஃபிக்கை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் ஃபயர்வாலில் ஓரிரு வரி ரூல் எழுதும் வேலைதான். ஆனால் ஹெல்ப்டெஸ்க், நெட்வொர்க், செக்யூரிட்டி, சேஞ்ச் கமிட்டி என்று டிக்கெட் மேசை மேசையாக ஏறி இறங்கும். கார்ட்டனில் ஸ்டிக்கர் ஏறாமல் தூத்துக்குடிக்குச் சரக்கு கிளம்பாது.

முதல் சிக்கல் டிக்கெட் வகையில். 'பிரின்டர் வேலை செய்யவில்லை' என்று இன்சிடென்ட் (பழுதுப் புகார்) போட்டால் அது டெஸ்க்டாப் ஆளுக்குப் போகும். வந்து கேபிளைப் பார்ப்பார், பொத்தானை அமுக்கி ஒரு டெஸ்ட் பிரின்ட் எடுப்பார். "வருதுங்ளே, க்ளோஸ் பண்ணிக்கறனுங்க" என்று போய்விடுவார். அவர் கணக்கில் அது சரிதான். ஃபயர்வால் ரூல் சேஞ்ச் என்றே போட வேண்டும்.

படிவத்தில் சோர்ஸ், டெஸ்டினேஷன் இரண்டுக்கும் ஒற்றை ஐபி மட்டும் எழுதுங்கள். முழு சப்நெட்டோ (முகவரிகளின் தொகுதி) 'எனி'யோ (எதுவானாலும் சரி) எழுதினால் செக்யூரிட்டி டீம் திருப்பி அனுப்பிவிடும். திசை ஒன்றே போதும், சர்வரிலிருந்து பிரின்டருக்கு. பதில் ட்ராஃபிக்கை ஃபயர்வால் தானே விட்டுவிடும்; இரண்டு திசையும் கேட்டால் கேள்விதான் கூடும். பிரின்டர் டிஹெச்சிபியில் (முகவரியைத் தற்காலிகமாகத் தானே ஒதுக்கும் முறை) முகவரி வாங்கினால், முதலில் அந்த ஐபியை ரிசர்வ் செய்ய ஒரு டிக்கெட் போடுங்கள். லீஸ் முடிந்து வேறு முகவரி வந்துவிட்டால் வாங்கிய ரூல் வீண்.

அதிகம் கோட்டை விடும் இடம் இது: இரண்டு ஊரிலும் ஃபயர்வால் இருந்தால் இரண்டிலும் ரூல் வேண்டும். நடுவில் முகவரியை மாற்றி அனுப்பும் நாட் (NAT) இருந்தால் பெருந்துறை ஃபயர்வாலின் கண்ணுக்கு சர்வரின் ஐபி வேறாகத் தெரியும். எந்த முகவரியில் தெரிகிறது என்று நெட்வொர்க் டீமிடம் கேட்டு, அதையும் அதே டிக்கெட்டில் எழுதிவிடுங்கள்.

செக்யூரிட்டி டீம் தயங்குவது வீம்புக்கு அல்ல. 9100-இல் பாஸ்வேர்டும் கிடையாது, என்க்ரிப்ஷனும் கிடையாது. எட்டுகிறவர் எவரும் பிரின்ட் கொடுக்கலாம். போதாததற்கு, 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (நடந்தவற்றின் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதனால் 'ரூலுக்கு லாகிங் ஆன் செய்யவும். பிரின்டர் தனி விலானில் இருக்கிறது' என்று நீங்களே எழுதிவிட்டால் ஒரு சுற்று மிச்சம். விலான் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதி) உண்மையிலேயே தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டிக்கெட் நாள்கணக்கில் தூங்குவது பெரும்பாலும் 'ரூல் ஓனர்' கட்டத்தில். கான்ட்ராக்ட் ஆள் பெயர் செல்லாது. ஐடி ஆள் பெயரைப் போட்டால், அவர் வேலை மாறியதும் ஆண்டு ரிவ்யூவில் ஓனர் இல்லாத ரூல் என்று எடுத்துவிடுவார்கள். திடீரென்று ஒரு நாள் லேபிள் நிற்கும். பேக்கிங் மேனேஜரைப் போடுவதே சரி. "நமக்கெதுக்குங்க கம்ப்யூட்டர் கையெழுத்து?" என்பார். தேவை நிஜம் என்று சொல்வதற்குத்தான் அந்தக் கையெழுத்து, நெட்வொர்க்குக்கு அவர் பொறுப்பில்லை என்று நேரில் போய்ச் சொன்னால் போட்டுவிடுவார். மெயிலில் நடக்காது.

சேஞ்ச் கமிட்டியில் ரோல்பேக் (சிக்கல் வந்தால் பழையபடி திரும்பும் வழி) கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். 'ரூலை டிசேபிள் செய்வது' என்று எழுதினாலே போதும். மார்ச் கடைசியில் கணக்கு முடிப்புக்காக ஃப்ரீஸ் (எந்த மாற்றமும் கூடாது என்ற தடை) இருக்கும் என்பதால் பிப்ரவரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி சேஞ்ச் என்று குறுக்கே போனால் வேலை முடிந்த பிறகு விளக்கம் எழுதியே மாளாது.

ரூல் போட்டாச்சு என்றதும் சர்வரிலிருந்தே சோதியுங்கள், உங்கள் லேப்டாப்பிலிருந்து அல்ல. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன், ஐபி, போர்ட் 9100. பிங்குக்குப் (மறுமுனை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) பதில் வருவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்; அதற்குத் தனி அனுமதி. நேரம் கடந்து தோற்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது ரூட் இல்லை. உடனே மறுத்தால் அநேகமாகப் பிரின்டர் வரை போய்விட்டது, அதில் 9100 அணைந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டோடு திருப்பினால்தான் டிக்கெட் சரியான ஆளிடம் போகும்.

பிற்பாடு பிரின்டர் பழுதாகி வேறு மாற்றினால் மேக் முகவரியை (பிரின்டரின் வன்பொருள் அடையாள எண்) மட்டும் ரிசர்வேஷனில் மாற்றச் சொல்லுங்கள். ஐபி அதே என்றால் ஃபயர்வாலைத் தொட வேண்டியதில்லை, கமிட்டிக்கும் போக வேண்டியதில்லை.