ஒரே நோயாளி, மூன்று ஓ.பி. எண்

மருத்துவமனையில் கணினிப் பதிவு கொண்டுவரும்போது எல்லாரும் டாக்டரின் திரையைப் பற்றியே பேசுகிறார்கள். பாதிச் சிக்கல் தொடங்குவது ஓ.பி. சீட்டு போடும் கவுன்ட்டரில்.

'கே. லட்சுமி' ஒரு முறை 'லட்சுமி கே', இன்னொரு முறை 'லக்ஷ்மி'. வயது கேட்டால் "அம்பது இருக்கும்". உடனே பிறந்த தேதி ஜனவரி 1 என்று ஏறிவிடும். போன் எண் மகனுடையது; வீட்டில் நாலு பேருக்கும் அதேதான். வரிசை நீளும்போது தேட நேரமில்லை, புது எண் போட்டுவிடுவார்கள். பென்சிலின் ஒவ்வாது என்ற குறிப்பு பழைய எண்ணிலேயே கிடக்கும். டாக்டர் திறப்பது புதியதை.

ஆகவே தேடாமல் புதுப் பதிவு திறக்க முடியாதபடி மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். முதலில் மத்திய அரசு தரும் சுகாதாரக் கணக்கின் 14 இலக்க ஆபா (ABHA) எண், இல்லையென்றால் போன் எண், பிறகு பெயரோடு தகப்பனார் அல்லது கணவர் பெயர். இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வேண்டும். உத்தேச வயதுக்கு 'உத்தேசம்' என்ற குறி வேண்டும். ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் கவுன்ட்டரில் ஒட்டிய கியூஆரை ஸ்கேன் செய்தால் ஆபாவில் உள்ள விவரம் அப்படியே வந்துவிடும், தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை.

இரட்டைப் பதிவுகளை இணைப்பதைக் கவுன்ட்டரிடம் விடாதீர்கள். பதிவேட்டுப் பிரிவில் இருவர் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். பழைய எண்ணை அழிக்கவும் கூடாது, பரிசோதனை லேப்பில் அந்த எண் ஒட்டிய மாதிரிக் குழாய் இன்னும் காத்திருக்கலாம்.

கரண்ட் போனால்? முன்கூட்டியே எண் அச்சிட்ட 50 சீட்டுகள் மேசை டிராயரில் இருக்கட்டும்.