நெசோசிசிஃபஸ் பெட்டி: மேசைக் குறிப்புகள்

26 ஜனவரி
தைப்பூசக் காவடி முடிந்தது. மொரீஷியஸின் கோர் தெ கார்த் மலையடிக் கோயில் பக்கம் நெரிசல் குறைந்துவிட்டது. மேசையில் இருப்பது இத்தீவுக்கே உரிய நெசோசிசிஃபஸ் சாணவண்டுகள். ரெக்னார்டி, விசினஸ், பிக்மேயஸ், ரொட்டுன்டேட்டஸ் என நான்கு இனம். காய்ந்த உடலில் கை வைத்தால் நீண்ட பின்னங்கால் அடியோடு கழன்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, இரண்டு மூன்று மணி நேரம் ஊறல். 5 மி.மீ.க்குக் குறைந்த வண்டை ஊசியில் குத்தக் கூடாது, சிதறிவிடும். முக்கோண அட்டை முனையில் ஒட்ட வேண்டும். பசை தண்ணீரில் கரைவதாக இருக்கட்டும். பிறகு கழற்ற வேண்டி வரும்.

27 ஜனவரி
ஆண் உறுப்பைப் பார்க்காமல் இனம் சொல்வது குருட்டாம்போக்கு. வளைத்த நுண்ணூசியை வயிற்று முனைத் தகட்டுக்கு அடியில் விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடம் சூடு. கொதிக்க விடக் கூடாது. தசை கரைந்து பழுப்பு ஓடு மட்டும் நின்றால் போதும். அதற்கு மேல் விட்டால் உறுப்பின் நுனி மடல்கள் கண்ணாடி போல வெளுத்து, ஒப்பிட வேண்டிய விளிம்பே தெரியாது. ஒரு சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் அலசி, கிளிசரின் குப்பியில் போட்டு அதே ஊசியில் வண்டுக்குக் கீழே குத்திவிடலாம். தனியாக வைத்த உறுப்பு எந்த வண்டுடையது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

30 ஜனவரி
ரெக்னார்டியை 1898-இல் பூச்சியியலாளர் அலுவோ விவரித்தபோது சிசிஃபஸ் பேரினத்தில் வைத்தார். நெசோசிசிஃபஸ் 1946-இல் வின்சன் ஏற்படுத்தியது. பேரினம் மாறியதால் இனப்பெயருக்குப் பின் அலுவோ பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். அதை அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்!
நியோசிசிஃபஸ் என்று இன்னொரு பேரினமும் உண்டு. லத்தீன் எழுத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பெயரிடல் விதிப்படி ஓரெழுத்து மாறினாலே தனிப் பேரினப்பெயர், இரண்டும் செல்லும். வண்டின் ஊசியில் குத்தும் சீட்டில் முதலெழுத்தை மட்டும் போட்டால்தான் வம்பு, முழுதாக எழுதுங்கள்.

2 பிப்ரவரி
ஐந்தாவது இனம் என்று யாராவது அறிவிக்க வந்தால்: 1999-க்குப் பின் வெளியாகும் பெயருக்கு ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரி) எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். இணையத்தில் மட்டும் வருவதென்றால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் தேவை. பெண்ணின் நினைவாக வைத்தால் லத்தீன் ஈறு '-ae', ஆணுக்கு '-i'. ரொட்டுன்டேட்டஸ் போன்ற பெயரடை, பேரினப்பெயரின் இலக்கணப் பாலுக்கு ஏற்ப மாறும். ரெக்னார்டி எங்கே போனாலும் ரெக்னார்டிதான்.
'மொரீஷியஸ்' என்று மட்டும் சீட்டு உள்ள வண்டை ஹோலோடைப் ஆக்க வேண்டாம். எந்த மலை, எந்த உயரம், எந்தத் தேதி என்று எழுதிய வண்டு கிடைக்கும்வரை பொறுப்பதே மேல்.